மரம் மாறினால் மண்ணும் மாறும்!

மாங்காடு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், பூந்தமல்லி, வேப்பம்பட்டு, பருத்திப்பட்டு.

இந்தப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைச் சுற்றி உள்ள ஊர்கள்.

மாங்காட்டில் மா இருக்கிறது. வேப்பம்பட்டில் வேம்பு இருக்கிறது. பருத்திப்பட்டில் பருத்தி. திருமுல்லைவாயிலில் முல்லை. பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்றும் பெயர், அதிலே பூ. வேல், காடு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் வேற்காடு. வேல் என்றால் வேல மரம். திருவேற்காட்டுக் கோவிலின் தல மரமும் வெள்வேல மரம்தான்.

முல்லைவாயில் கோவில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்டைமான் மன்னன் யானை மீது வந்தான். முல்லைக் கொடி யானையின் காலைச் சுற்றிக்கொண்டது. மன்னன் வாளால் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் பெருகியது. அங்கே லிங்கம் இருந்தது. இதுதான் கதை.

யானையையே நிறுத்தும் அளவுக்கு அங்கே கொடி மண்டிக் கிடந்ததாம்!

இன்று அந்த இடங்களில் என்ன இருக்கிறது? மாடி வீடுகள், தொழிற்சாலைகள், ரெயில் பாதை, தார் ரோடு. நடுநடுவே வேலி போட்ட காலி மனைகள். காலி மனைகளில் சீமைக் கருவேலம்.

காடு போயிற்று, தோட்டம் போயிற்று, வயலும் போயிற்று. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவற்றோடு இன்னொன்றும் போயிற்று. அதைப் பலர் கவனிப்பது இல்லை.

அதுதான் மண்!

"அது எப்படி? மண் அங்கேயேதானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது பழைய மண் அல்ல. மேலே வளரும் செடியும் மரமும் மாறினால், கீழே இருக்கும் மண்ணும் மாறிவிடும்.

ஐந்து காரணங்கள்

மண்ணை ஆராய்ச்சி செய்தவர்களில் பெரியவர், ரஷிய நாட்டு விஞ்ஞானி டோகுசேவ். அந்த நாட்டின் கரிய மண்ணைப் பற்றி 1883-ல் அவர் புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். மண் என்பது வெறும் பாறைத்தூள் அல்ல, அது பல காரணங்கள் சேர்ந்து உண்டாவது என்றார். பிறகு 1941-ல் ஹான்ஸ் ஜென்னி என்ற விஞ்ஞானி அந்தக் காரணங்களை ஒரு கணக்குப் போல எழுதிக் காட்டினார்.

அவை ஐந்து. முதலாவது, அடியில் உள்ள பாறை. இரண்டாவது, வெயிலும் மழையும். மூன்றாவது, மேடு பள்ளம். நான்காவது, காலம். ஐந்தாவது, அந்த மண்ணில் வாழும் செடி கொடியும் உயிர்களும்.

நம் பகுதியில் அடிப்படை மண்ணே பல வகை. செங்குன்றத்தின் பெயரே அதன் மண்ணைச் சொல்கிறது. அங்கே மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவந்திருக்கிறது. ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பூமிக்கு அடியில் மிகப் பழைய காலத்துக் களிப்பாறை இருக்கிறது. திருவேற்காட்டில் கூவம் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் இருக்கிறது.

பாறையை நாம் மாற்ற முடியாது. மழையையும் மாற்ற முடியாது. காலத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. ஐந்தில் ஒன்றுதான் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. மண்ணின் மேல் என்ன வளர விடுகிறோம் என்பதுதான் அது.

அரை ஏக்கரில் ஓர் அதிசயம்

"செடி மாறினால் மண் மாறும்" என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? இங்கிலாந்துக்குப் போவோம்.

அங்கே ராதாம்ஸ்டெட் என்ற இடத்தில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1843 முதல் அங்கே ஒரே வயலில் கோதுமை பயிரிட்டுச் சோதனை செய்து வருகிறார்கள். 1882-ம் ஆண்டு அந்த வயலின் ஓர் ஓரத்தில் அரை ஏக்கரை மட்டும் அறுவடை செய்யாமல் அப்படியே விட்டார்கள். வேலி போட்டார்கள். அதன் பிறகு அங்கே யாரும் உழவில்லை, விதைக்கவில்லை.

முதலில் களை முளைத்தது. பிறகு புதர் வந்தது. பிறகு மரம் வந்தது. இன்று அது ஒரு சிறிய காடு!

அந்த அரை ஏக்கரில் ஒரு பகுதியில் மட்டும் மரக் கன்றுகளை அவ்வப்போது பிடுங்கிவிட்டார்கள். அங்கே புல் வளர்ந்தது. ஆக, கோதுமை வயல், காடு, புல் தரை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாறை ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. வளரும் செடிதான் வேறு.

மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். காடாகிவிட்ட இடத்தில் மேல் மண்ணின் மக்குச் சத்து இரண்டு மடங்குக்கும் மேல் பெருகி இருந்தது!

அதே நிலையத்தில் 1886-ல் இன்னொரு நிலத்தையும் இப்படியே விட்டார்கள். அதுவும் காடாயிற்று. ஆனால் அங்கே மண் புளிப்பாகிவிட்டது. மண்ணின் புளிப்பை எண்ணால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்த நிலத்தில் அது 7-ல் இருந்து 4 அளவுக்கு இறங்கிவிட்டது.

காரணம் என்ன? முதல் நிலத்தில் முன்காலத்து விவசாயிகள் சுண்ணாம்பு மண்ணை நிறையக் கொட்டி இருந்தார்கள். இரண்டாவது நிலத்தில் அவ்வளவு சுண்ணாம்பு இல்லை.

இதிலே நமக்கு இரண்டு பாடம். மரம் மண்ணை மாற்றும் என்பது ஒன்று. எந்த மாற்றம் வரும் என்பது அந்த மண் முன்பு எப்படி இருந்தது என்பதையும் பொறுத்தது என்பது இன்னொன்று.

இலை, வேர், நிழல்

செடி மண்ணை எப்படி மாற்றுகிறது? மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, இலை உதிர்ப்பது. உதிர்ந்த இலையை மண்புழுவும் கரையானும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் தின்கின்றன. மிச்சம் மக்காகிறது. மக்குச் சேர்ந்த மண் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, வேர் விடுவது. புல்லின் வேர் தலைமுடி போல மேல் மண்ணில் பரவி, மண்ணை உருண்டை உருண்டையாகக் கட்டுகிறது. மரத்தின் வேர் ஆழத்தில் இறங்குகிறது. பழைய வேர் செத்து மக்கிப் போனால் அங்கே ஒரு குழாய் மிஞ்சுகிறது. மழைத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக உள்ளே இறங்குகிறது.

மூன்றாவது வேலை, நிழல் தருவது. இங்கிலாந்தில் குளிர் அதிகம். அங்கே மக்கு நெடுநாள் இருக்கும். நம் ஊர் வெயிலில் மக்கு சீக்கிரம் கரைந்துவிடும். நிழல் இல்லாத வெறும் தரையில் இன்னும் சீக்கிரம் கரையும்.

நம் நாட்டு மண் பரிசோதனை நிலையங்களில் மக்கில் உள்ள கரிமச் சத்தை அளந்து சொல்வார்கள். 100 கிராம் மண்ணில் அரை கிராமுக்குக் குறைவாகக் கரிமம் இருந்தால் "குறைவு" என்று எழுதுவார்கள். முக்கால் கிராமுக்கு மேல் இருந்தால் "அதிகம்". கால் கிராம்தான் வித்தியாசம்! அந்தக் கால் கிராமில்தான் விளைச்சலும் தண்ணீரும் இருக்கின்றன.

வயல் மண்ணும் பூந்தோட்ட மண்ணும்

இனி நம் ஊருக்கே வருவோம். இங்கே வளர்ந்தவை ஒவ்வொன்றும் மண்ணை ஒவ்வொரு விதமாக மாற்றின.

நெல் வயலைப் பாருங்கள். வேப்பம்பட்டுக்கு அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உண்டாக்கிய டி.கே.எம். 6 என்ற நெல்தான் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்று. அப்படிப்பட்ட நெல் பூமி இது.

நெல்லுக்கு விவசாயி சேறு கலக்குகிறான். சேறு கலக்கினால் மண்ணின் துளைகள் அடைபடும். ஏரும் மாடும் மிதித்து மிதித்து, அடியில் பலகை போல ஒரு கெட்டித் தளம் உண்டாகும். அதனால்தான் வயலில் தண்ணீர் நிற்கிறது.

தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. மண் சாம்பல் நிறம் ஆகும். அறுவடை முடிந்த வயலில் ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். வேர் ஓடிய இடத்தில் மட்டும் துருப்பிடித்தது போலச் சிவப்புக் கோடு தெரியும். வேர் தன்னோடு காற்றைக் கொண்டுபோன வழி அது!

மல்லிகைத் தோட்டத்து மண் இதற்கு நேர் எதிர். மல்லிகைக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. பாத்தி கட்டி, எருப் போட்டு, கொத்திக் கொத்திவிட வேண்டும். அதனால் மண் இளகி, காற்றோட்டமாக இருக்கும்.

வயலும் பூந்தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், இரண்டு மண்ணும் இரண்டு விதம். இன்று நெல் வயலை மனை போட்டால், அடியில் உள்ள கெட்டித் தளம் உடனே போய்விடாது. "எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறதே!" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தத் தெரு ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள். வயலாகவோ ஏரியாகவோ இருந்திருக்கலாம்.

சவுக்கும் சீமைக் கருவேலமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் மணல் பாங்கான இடங்களில் சவுக்குத் தோப்பு உண்டு. 19-ம் நூற்றாண்டில் ரெயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் சவுக்கைப் பெருக்கினார்கள்.

சவுக்கு அவரை இனம் அல்ல. ஆனாலும் அதன் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றுக்குள் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. அதனால்தான் வெறும் மணலிலும் சவுக்கு வளர்கிறது. அது உதிர்க்கும் ஊசி இலை மக்கினால் மணலுக்கும் கொஞ்சம் சத்து கிடைக்கும். ஆனால் அந்த ஊசியை அடுப்புக்காக ஒன்று விடாமல் பெருக்கிக்கொண்டு போனால், மண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதை எல்லோரும் திட்டுகிறார்கள். ஏரி, குளம், புறம்போக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. வேறு செடியை வளர விடுவது இல்லை. ஆழத்தில் இருந்து தண்ணீரை இழுக்கிறது. இவை உண்மைதான்.

ஆனால் இதையும் கேளுங்கள். ஹரியானா மாநிலத்தில் கர்னால் என்ற ஊரில் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புல்லும் முளைக்காத களர் நிலத்தில் இதே மரத்தை அங்கே நட்டுப் பார்த்தார்கள். ஆண்டுகள் போகப் போக மண்ணின் காரம் குறைந்தது. மக்கு கூடியது!

ஒரே மரம். கர்னால் களரில் வைத்தியன். அம்பத்தூர்ப் பக்கத்து ஏரியில் வில்லன். மரத்தைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. எந்த மண்ணில் எந்த மரம் என்று பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கும் இது பொருந்தும். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறிய ஓடைப் பள்ளத்தாக்குகள். இரண்டும் புல்வெளி. 1972-ல் ஒன்றில் பாதிக்கு மேல் தைல மரம் நட்டார்கள். இன்னொன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். முதல் 10 ஆண்டுகளில், தைல மரம் நட்ட பள்ளத்தாக்கில் இருந்து வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்துவிட்டது. புல் இருந்த இடத்துக்குப் புல்லே சரி என்று தெரிந்தது.

உங்கள் மனையில் எத்தனை லாரி தண்ணீர்?

"நாங்கள் விவசாயி இல்லையே! மண் எப்படி இருந்தால் எங்களுக்கு என்ன?" என்று அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2,200 லிட்டர். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு கிரவுண்டில் ஆண்டுக்கு 3 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் 25 லாரி!

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மண் குடித்தால் கிணற்றுக்குப் போகும். மண் குடிக்காவிட்டால் தெருவுக்குப் போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் அப்போது வீட்டுக்கு வீடு அடிபட்டது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டது. குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது.

ஒரு வருஷம் மூழ்குகிறோம். ஒரு வருஷம் தவிக்கிறோம். மழை கொட்டுவது, ஏரி குறுகுவது, கால்வாய் அடைவது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. மண்ணின் வாய் அடைபட்டதும் அவற்றில் ஒன்று.

மனை போடும்போது என்ன செய்கிறார்கள்? கறுத்த மேல் மண்ணை வழித்து எடுக்கிறார்கள். சவுடு மண்ணையும் கட்டிட இடிபாட்டையும் கொட்டுகிறார்கள். புல்டோசர் ஏற்றி நசுக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வேரும் புழுவும் போட்ட துளைகள் ஒரே நாளில் மூடிவிடுகின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதைக் குழந்தைகளும் செய்து பார்க்கலாம்.

பால் பவுடர் டப்பா ஒன்றை எடுங்கள். பெரியவர்கள் அதன் அடியை வெட்டிக் கொடுக்க வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் திறந்த குழாய் கிடைக்கும். பழைய வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் அதை அழுத்தி நிறுத்துங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் முழுதும் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதே டப்பாவை, ஆள் நடந்து நடந்து கெட்டிப்பட்ட வெறும் தரையில் வைத்து, அதே டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். மறுபடியும் நேரத்தைக் குறியுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மரம் என்ன செய்திருக்கிறது என்று அந்த இரண்டு எண்களே சொல்லும்.

இன்னும் ஒன்று. இரண்டு இடத்திலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, எத்தனை மண்புழு இருக்கிறது என்று எண்ணுங்கள். புழு நிறைய இருந்தால் மண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்?

2003-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயம் ஆயிற்று. நல்ல காரியம். ஆனால் தொட்டி ஓர் இடத்தில்தான் தண்ணீரை இறக்கும். நல்ல மண் இருந்தால், மண் உள்ள இடம் எல்லாம் தொட்டிதான்!

வீட்டைச் சுற்றி முழுவதும் சிமெண்டு போடாதீர்கள். நடைபாதைக்குப் போக, மிச்சத்தை மண்ணாகவே விடுங்கள்.

உதிர்ந்த இலையைக் கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். மக்கும் தழைச்சத்தும் புகையாகப் போய்விடும். இலையை மரத்தடியிலேயே பரப்பிவிடுங்கள்.

நசுங்கிக் கெட்டிப்பட்ட மண்ணைக் கடப்பாரையால் இளக்கி, சாணி எருவோ மக்கிய குப்பையோ கலவுங்கள். முதல் ஆண்டில் அகத்தி, அவரை, தட்டைப்பயறு போடுங்கள். இவற்றின் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும். பிறகு நிரந்தர மரம் வையுங்கள். வேம்பு, புங்கம், நாவல், மகிழம் எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகினவை. இடம் சிறிதாக இருந்தால் ஒரு முல்லைக் கொடி போதும்.

சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் விசாரியுங்கள். விவசாயிகளுக்கு 2015 முதல் மண் வள அட்டை கொடுக்கிறார்கள். மண்ணில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதி இருக்கும்.

ஒரு வருஷத்தில் மண் திருந்திவிடாது. ஆனால் இங்கிலாந்து அரை ஏக்கரை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் பாடுபடவில்லை. வேலி போட்டு விட்டார்கள், அவ்வளவுதான். நாம் எருவும் தண்ணீரும் கொடுத்து வளர்த்தால், சில ஆண்டுகளிலேயே மரத்தடி மண் கறுத்து இளகுவதைக் காணலாம்.

கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. இந்தக் கடற்கரைச் சீமையின் பழைய புதர்க்காட்டில் மிஞ்சிய துண்டு அது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். மானை மட்டும் காட்டாதீர்கள். பாதை ஓரத்து மரத்தடியில் சருகு மூடிய மண்ணையும் காட்டுங்கள். மாங்காட்டிலும் வேற்காட்டிலும் முல்லைவாயிலிலும் காடு இருந்தபோது மண் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களுக்குப் புரியும்.

காட்டை முழுதும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரத்தடியை உண்டாக்கலாம். மழைக்காலம் தொடங்கும்போது கன்று வையுங்கள்.